பந்து போன தூரம்

நட்புப் போட்டி என்ற சொல்லை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். மைதானம் தங்களுடையது என்பதில் ஐயமே இல்லாதவர்களுக்குத்தான் அது வாய்க்கும். ஓர் அலுவலகத்து ஆண்களும் இன்னோர் அலுவலகத்து ஆண்களும் ஞாயிற்றுக்கிழமை காலையில் தொப்பையோடு இறங்கி ஆடிவிட்டு, டீக்கடையில் நின்று யார் எத்தனை கேட்ச் விட்டார் என்று பேசிச் சிரித்தால் அது நட்புப் போட்டி. அதே மைதானத்தில் நாற்பதை ஒட்டிய பெண்கள் பதினேழு பேர் மட்டையோடு இறங்கினால் அந்தப் பெயர் ஒட்டுவதில்லை. கடந்த பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் நாங்கள் ஆடிக்கொண்டிருந்தபோது, நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்: "இது என்ன ஸ்கீம்ங்கம்மா?"

ஸ்கீம் ஒன்றுமில்லை ஐயா, சும்மா ஆடுகிறோம் என்றோம். அவருக்கு அது பதிலாகப் படவில்லை. மகளிர் குழுவா, புற்றுநோய் விழிப்புணர்வா, ஓட்டுப் போடச் சொல்லும் பிரச்சாரமா என்று அடுத்தடுத்துக் கேட்டார். பெண்கள் கூட்டமாக ஒரு வெட்டவெளியில் நிற்பதற்கு ஒரு நோக்கம் வேண்டும். அந்த நோக்கம் அடுத்தவருக்கு நன்மை செய்வதாகவும் இருக்க வேண்டும். எட்டு ஓவர், டென்னிஸ் பந்து, தோற்றவர்கள் இட்லி வாங்கித் தர வேண்டும் என்பதெல்லாம் நோக்கத்தில் சேராது.

ஆட்டம் முடிவானது 2025 நவம்பர் 2ஆம் தேதி நள்ளிரவில். நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்று இந்தியப் பெண்கள் உலகக் கோப்பையை எடுத்த இரவு. பின்னோக்கி ஓடி ஹர்மன்ப்ரீத் பிடித்த அந்தக் கடைசி கேட்சுக்குப் பிறகு எங்கள் வாசிப்பு வட்டத்தின் வாட்ஸ்அப் குழு தூங்கவில்லை. கடலூரிலும் சிதம்பரத்திலுமாக இருக்கும் பெண்கள் நாங்கள். ஆசிரியைகள், ஒரு செவிலி, தபால் பட்டுவாடா செய்யும் அக்கா ஒருவர், தையற்கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர், வீட்டில் இருப்பவர்கள். மாதம் ஒரு புத்தகம் என்று பெயர். அந்த மாதப் புத்தகத்தை யாரும் படித்திருக்கவில்லை. தையற்கடை அக்காதான் எழுதினார்: "பாத்துக்கிட்டே இருக்கணுமா? நாமளும் ஒரு தடவ ஆடிடலாம்." விளையாட்டாகச் சொன்னார் என்று நினைத்தோம். மறுநாள் அவரே மட்டை விலை விசாரித்து அனுப்பினார்.

இடம்தான் இழுபறி. வெள்ளிக் கடற்கரை என்றார்கள். மணலில் பந்து எழும்பாது. ஒருத்தியின் வீட்டு மாடி என்றார்கள். மாடியில் ஆடுவதற்கு எதற்கு இவ்வளவு பேச்சு? மஞ்சக்குப்பம் மைதானம்தான் என்று கடைசியில் உறுதியானது. அது கேலரி வைத்த ஸ்டேடியம் அல்ல. ஆனால் எங்கள் மாவட்டத்துக்கு அதுதான் பெரிய இடம். பொருட்காட்சி அங்கே, கட்சிக் கூட்டம் அங்கே, எதிரே பழைய கலெக்டர் அலுவலகம். அந்த வழியாக ஆயிரம் முறை போயிருக்கிறேன். அதன் நடுவில் நின்றது அன்றைக்குத்தான் முதல் தடவை. ஓரத்திலிருந்து பார்க்கும் மைதானமும் நடுவிலிருந்து பார்க்கும் மைதானமும் வேறு வேறு. நடுவில் நின்றால் வானம் நான்கு பக்கமும் தரைவரை இறங்குகிறது.

கடலூருக்கு நிலத்தை அளந்ததில் ஒரு விசித்திரமான வரலாறு உண்டு. 1690இல் தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியரிடமிருந்து வாங்கியது. கோட்டையோடு சேர்ந்து வரும் நிலம் எவ்வளவு என்பதற்குச் சங்கிலியோ கோலோ வைத்து அளக்கவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட வேண்டும். குண்டு விழும் இடம்வரை கம்பெனிக்கு. அப்படியே சுட்டார்கள். கடலூர் ஊரும் சுற்றிலும் இருந்த கிராமங்களும் அந்த எல்லைக்குள் வந்தன. 'குண்டு கிராமங்கள்' என்றே அவற்றுக்குப் பெயர் நின்றது. கோட்டைக்கு செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது ஆங்கிலேயருக்குத் தென்னிந்தியத் தலைமையிடமே இதுதான். கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டை முதலில் போட்டுவிட்டுப் பிறகு பந்தை அடிக்கிறோம். கடலூரில் உருண்டை விழுந்த பிறகுதான் எல்லையே வந்தது. அங்கே குடியிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

காலை ஆறு மணிக்கு நாங்கள் போனபோது மைதானத்தில் நான்கு ஆட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக நடந்துகொண்டிருந்தன. ஓர் ஆட்டத்தின் பௌலர் இன்னோர் ஆட்டத்தின் ஃபீல்டருக்குப் பக்கத்திலிருந்து ஓடிவருகிறான். எவன் பந்து எவனிடம் போனாலும் எடுத்து எறிந்துவிடுகிறான். யாரும் யாரிடமும் அனுமதி வாங்கியதாகத் தெரியவில்லை. நாங்கள் மட்டும் இடம் கேட்டு நின்றோம். பையன்கள் நல்லவர்கள். "எவ்ளோ நேரம்க்கா ஆவும்?" என்றார்கள். எட்டரை வரைக்கும்தான் தம்பி என்றோம். ஒரு ஓரத்தைக் காட்டினார்கள். தபால்கார அக்கா ஓரத்தைப் பார்த்தார், மைதானத்தைப் பார்த்தார். "நடுவுல குடுங்கடா. ஓரத்துல நாங்க தினமும்தான் நிக்கிறோம்" என்றார். சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார்கள். ஸ்டம்பும் அவர்களுடையதுதான். பதினோராம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன் அம்பயராக நிற்கிறேன் என்று தானாக முன்வந்தான். சட்டமெல்லாம் தெரியும் என்றான். அது எங்களுக்கு எவ்வளவு பெரிய சோதனை என்று அப்போது தெரியவில்லை.

மைதானத்துக்கு அருகே தோழி ஒருத்தியின் வீடு இருந்தது. அதுதான் எங்கள் பெவிலியன். குடிநீர், கழிப்பறை, உடை மாற்றும் அறை எல்லாம் அங்கே. அவளுடைய மாமியார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிறவர்களையும் வருகிறவர்களையும் எண்ணிக்கொண்டிருந்தார். பெவிலியன் என்பது பெரிய சொல். அதை அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே இருப்பது இவ்வளவுதான். சிறுநீர் கழிக்க ஓர் இடம், உட்கார நிழல். இதை வைத்துத்தான் யார் ஆட்டக்காரர், யார் விருந்தாளி என்று பிரிக்கிறார்கள்.

சேப்பாக்கத்தின் கதையும் இதுதான். வெள்ளைக்காரர்களின் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் அங்கே ஆடியது. ஆட வந்த இந்தியர்கள் பெவிலியனுக்குள் உட்கார முடியாது, மரத்தடியில்தான் சாப்பிட வேண்டும். அந்த மரத்தடிச் சாப்பாடு பொறுக்காமல்தான் புச்சி பாபு நாயுடு இந்தியர்களுக்கென்று மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை எழுப்பினார் என்று சென்னைக் கிரிக்கெட் வரலாற்றில் சொல்வார்கள். பிறகு, எங்களோடு ஓர் ஆட்டம் ஆடுங்கள் என்று ஐரோப்பியர்களைக் கேட்கும் நிலைக்கு வந்தார். 1908இல் அவர் இறந்துபோனார். அவர் விதைத்த அந்த ஆட்டம் பொங்கலை ஒட்டி ஆண்டுதோறும் நடக்கும் பிரசிடென்சி மேட்சாக வளர்ந்து, சுதந்திரத்துக்குப் பிறகும் சில ஆண்டுகள் நீடித்தது. பெயருக்கு அது நட்பு ஆட்டம். சம்பளம் இல்லை, கோப்பைக்காக உயிரை விடுவதில்லை, பொங்கல் விடுமுறைக் கொண்டாட்டம். ஆனால் மரத்தடியில் சாப்பிட்டவன் பெவிலியனில் சாப்பிட்டவனுக்கு எதிரே அதே ஆடுகளத்தில் நிற்பதில் நட்பைத் தவிர வேறொன்றும் இருந்தது. நாங்கள் ஆடியதும் பொங்கல் வாரம்தான். ஊர்ப் பொங்கல் விழாக்களில் ஆண்களுக்குக் கிரிக்கெட் டோர்னமெண்ட், கபடி, வழுக்கு மரம். பெண்களுக்குக் கோலப்போட்டி, இசை நாற்காலி, லெமன் அண்ட் ஸ்பூன். வாயில் கரண்டியைக் கவ்விக்கொண்டு எலுமிச்சம்பழம் விழாமல் நடப்பதில் வல்லவள் யார் என்று ஆண்டுதோறும் கண்டுபிடிக்கிறார்கள்.

இடையில் ஒன்று. சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்கு எம்.ஏ.சிதம்பரம் பெயர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 1929இல் நிறுவிய அண்ணாமலைச் செட்டியாரின் மகன் அவர். சின்ன வயதில் இது எனக்குத் தெரியாது. வானொலியில் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனை கேட்கும்போது 'சிதம்பரம் மைதானம்' என்று காதில் விழும். கபில்தேவ் எங்கள் ஊருக்குத்தான் வந்திருக்கிறார், தேரடிப் பக்கம் எங்கேயோ ஆடுகிறார் என்று நினைத்திருந்தேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் கேலி இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் நம் ஊரிலேயே ஒரு பெரிய மைதானம் இருந்து, அதில் எனக்கு இடமில்லாமல் போவதும், அது இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதும் எட்டு வயதுப் பெண்ணுக்கு ஒன்றுதான்.

நான் வளர்ந்தது சிதம்பரம், வேலை பார்ப்பது கடலூர். அதனால் இரண்டு அணியும் என்னைக் கேட்டன, அல்லது இரண்டு அணியும் வேண்டாம் என்றன. கடைசியில் என்னை ஜோக்கர் ஆக்கினார்கள். தெருக் கிரிக்கெட்டில் ஆள் ஒற்றைப்படையாக வந்தால் இரண்டு பக்கமும் ஆடுகிறவன் ஜோக்கர். எங்கள் தெருவில் அதற்கு முந்தைய பதவி ஒன்றும் இருந்தது: ஒப்புக்குச் சப்பாணி. ஊனத்தைக் கேலி செய்யும் சொல். இப்போது சொல்லக் கூசுகிறது. ஆட்டத்தில் சேர்த்தது போலவும் இருக்கும், சேர்க்காதது போலவும் இருக்கும். அவள் அவுட் ஆனாலும் கணக்கில்லை, ரன் எடுத்தாலும் கணக்கில்லை. சாக்கடையில் விழுந்த பந்தை எடுத்து வருவது மட்டும் கணக்கு. எங்கள் தெருவில் அண்ணன்மார்களின் தங்கைகள் எல்லோரும் அந்தப் பதவியை வகித்தவர்கள்தான். வயதுக்கு வந்ததும் அதுவும் பறிபோனது.

அதன்பிறகு எங்களுக்கு இருந்த விளையாட்டுகளின் பரப்பளவை யாராவது அளந்து பார்க்கலாம். அஞ்சாங்கல்லுக்கு உள்ளங்கையும் ஒரு முழத் தரையும். பல்லாங்குழிக்கு ஒரு மரக்கட்டை. தாயத்துக்குப் பாய் விரிக்கும் இடம். நொண்டிக்கு எட்டுக் கட்டம், அதுவும் பின்கட்டில். கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்துக்கு மேல் எதுவும் இல்லை.

தமிழ் படித்தவள் என்பதால் எனக்கு இதில் ஒரு தனி ஆதங்கம் உண்டு. பழைய இலக்கியத்தில் பந்து பெரும்பாலும் பெண்ணின் கையில்தான் இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் துறைமுகப் பட்டினத்தின் உயர்ந்த மாடத்தில் பெண்கள் பந்தாடிக் களைத்து, பிறகு மணலில் பொற்கழங்கு ஆடுகிறார்கள். சிலப்பதிகாரத்தில் பந்தடிக்கும் பெண்களுக்கென்றே கந்துகவரி. பெருங்கதையில் எத்தனை அடி என்று எண்ணிப் போட்டியே நடக்கிறது. குற்றாலத்து வசந்தவல்லி பந்தடிக்கிறாள். தில்லையில் பாடிய மாணிக்கவாசகர் இறைவனைப் பாட எடுத்துக்கொண்ட வடிவங்களில் சாழலும் பூவல்லியும் தோணோக்கமும் இருக்கின்றன. எல்லாம் பெண்களின் விளையாட்டுகள். இத்தனையையும் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஆனால் இந்தப் பந்துகள் தரையில் அடிபட்டு எழும்பி அதே கைக்குத் திரும்புகின்றன. கவிஞர்கள் சிலம்பு ஒலித்ததை, கூந்தல் அவிழ்ந்ததை, இடை ஒசிந்ததைப் பார்க்கிறார்கள். பந்து எங்கே போயிற்று என்று பார்ப்பதில்லை. சீவக சிந்தாமணியில் விமலையின் பந்து ஒரு தடவை தப்பித்துத் தெருவில் போய் விழுகிறது. உடனே அங்கே சீவகன் நிற்கிறான், கதை திருமணத்தில் முடிந்துவிடுகிறது. திருமுருகாற்றுப்படையில் வரும் மதுரைக் கோட்டை வாயில் இன்னும் சுவாரசியமானது. அங்கே பந்தும் பாவையும் தொங்கவிட்டிருக்கிறார்கள். எதிரிகளே, நீங்கள் பெண்கள், வந்து இதை வைத்து விளையாடுங்கள் என்று ஏளனம் செய்வதற்காக என்று உரை சொல்கிறது. பந்து பெண்ணுடையது என்பதில் அப்போது யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அதனால்தான் அது வசையாகவும் ஆகியிருக்கிறது.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். கடலூர் முதலில் மட்டை பிடித்தது. முதல் இரண்டு ஓவரில் வந்த ரன்னில் பெரும்பகுதி வைடு. பந்தை மேலே கையைச் சுழற்றிப் போடுவது எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு வரவில்லை. தோள் எழும்பவில்லை. மாராப்பு விலகிவிடும் என்று முப்பது வருடம் பழகிய தோள் ஒரு காலையில் எழும்புமா? கணக்கு டீச்சர் ஒருவர் கீழ்க்கையால் உருட்டினார். அதில் இரண்டு விக்கெட் விழுந்தது. பந்து எழும்பவே இல்லை, என்ன செய்வது?

கிரிக்கெட்டின் பழங்கதை ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. முன்பு எல்லோரும் கீழ்க்கையால்தான் போட்டார்கள். கிறிஸ்டினா வில்ஸ் என்ற பெண் தன் அண்ணனுக்குப் பந்து போடும்போது விரிந்த பாவாடை தடுத்ததால் கையைப் பக்கவாட்டில் உயர்த்திப் போட்டாள், அண்ணன் ஜான் அதைக் கற்றுக்கொண்டார் என்பது கதை. கதையின் உண்மை விவாதத்துக்குரியது. ஆனால் ஜான் வில்ஸ் 1822இல் லார்ட்ஸ் மைதானத்தில் அப்படிப் போட்டு, நோ-பால் கொடுக்கப்பட்டு, கோபித்துக்கொண்டு குதிரையேறிப் போனது நடந்தது. பெண்ணின் உடுப்பு தடையாக இருந்ததிலிருந்து ஒரு புதிய கலை பிறந்தது என்று ஆண்களே சொல்லிக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

எங்கள் ஆட்டத்திலும் உடுப்பு வந்தது. சிதம்பரம் அணியில் மூன்று பேர் புடவை. நான்காவது ஓவரில் தரையோடு வந்த பந்தை நிறுத்தக் குனிய முடியாமல், சிதம்பரத்துத் தோழி ஒருத்தி முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். பந்து அழகாக மடியில் வந்து விழுந்தது. நாங்கள் கைதட்டினோம். அம்பயர் தம்பி கையை உயர்த்தி, "அஞ்சு ரன் பெனால்டி" என்றான். எதற்கடா என்றால், உடையைக் கையால் விரித்து அதை வைத்துப் பந்தைத் தடுக்கக் கூடாது, சட்டம் இருக்கிறது என்றான். நிஜமாகவே இருக்கிறது, நான் பிறகு பார்த்தேன். ஃபீல்டிங் பற்றிய 28ஆம் விதி. அங்கே பெரிய வாக்குவாதம் ஆகிவிட்டது. "முந்தானை உடையில்லடா, அது கை மாதிரி" என்றார் தையற்கடை அக்கா, எதிரணியில் இருந்துகொண்டே. குழந்தைக்கு விசிறியதும், சூடான பாத்திரம் இறக்கியதும், கடன் கேட்டுப் போனபோது ஏந்தியதும் அதுதான். பையன் அசையவில்லை. சட்டம் சட்டம்தான் என்றான். ஐந்து ரன் கொடுத்தோம். எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். எங்களுக்குச் சலுகை காட்டாமல் முழு அபராதம் விதித்த முதல் ஆண் அவன். பாவம், ஆன்ட்டிங்க, விட்டுடலாம் என்று சொல்லியிருந்தால் நாங்கள் மறுபடி ஒப்புக்கு ஆகியிருப்போம்.

கடலூர் எட்டு ஓவரில் 43.

இடைவேளையில் தண்ணீர் குடிக்கும்போது சிதம்பரத்துச் செவிலித் தோழி சொன்னாள்: "நம்ம ஊர்ல இத மாதிரி ஒரு மேட்ச் முன்னாடியே நடந்துருக்கு. அதுலயும் டிரெஸ்ஸுதான் பிரச்சினை." எல்லோருக்கும் புரிந்தது. தில்லையில் சிவனுக்கும் காளிக்கும் நடந்த நடனப் போட்டி. அதைவிடப் பெரிய அரங்கமும் இல்லை, அதைவிடப் பெரிய நடுவர்களும் இல்லை. தேவரும் முனிவரும் பார்த்திருக்கிறார்கள். அடிக்கு அடி சமமாக ஆடினாள். ஒரு கட்டத்தில் சிவன் காலை வானத்துக்கு உயர்த்தினார். காதிலிருந்து விழுந்த குழையைக் காலாலேயே எடுத்து மாட்டினார் என்று ஒரு கதை. அவளால் முடியாததல்ல, நாணத்தால் காலைத் தூக்கவில்லை. தோற்றாள் என்று அறிவித்தார்கள். தோற்றவள் ஊர் எல்லைக்குப் போக வேண்டும் என்பது ஒப்பந்தம். தில்லைக் காளி கோயில் இன்றைக்கும் ஊரின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. உள்ளே அவள் வெள்ளைப் புடவையில் இருக்கிறாள்.

சின்ன வயதிலிருந்து இந்தக் கதையைப் பக்தியோடு கேட்டிருக்கிறேன். பிறகு கோபத்தோடு படித்திருக்கிறேன். அன்றைக்கு மைதானத்தில் ஒரு வேறுபாடு உறைத்தது. காளிக்குக் கால் தூக்கத் தெரியும் என்பதற்குச் சாட்சி நடராசர் கோயிலின் கோபுரங்களில் இருக்கிறது. கரணச் சிற்பங்களில் அங்கே ஆடுகிறவர்கள் பெண்கள். காலைத் தலைக்கு மேல் உயர்த்தியவர்களும் இருக்கிறார்கள். கல்லில் முடிந்தது கதையில் முடியாமல் போனது. ஆட்டத்தின் நடுவில் ஒரு புது விதியை ஒருவர் கொண்டுவந்தார், அது அடுத்தவருக்கு வெட்கம் என்று கற்பிக்கப்பட்ட ஒன்றாக இருந்தது. எங்கள் தம்பியின் 28ஆம் விதியாவது ஆட்டத்துக்கு முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தது.

1745 ஜூலை 26ஆம் தேதி இங்கிலாந்தில் கில்ட்ஃபோர்டுக்கு அருகே கோஸ்டன் காமனில் பிராம்லி, ஹாம்பிள்டன் ஊர்ப் பெண்கள் ஆடியதுதான் பதிவில் உள்ள முதல் பெண்கள் கிரிக்கெட். அவர்களும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். ஓர் ஊருக்கு நீல நாடா, இன்னோர் ஊருக்குச் சிவப்பு. ஹாம்பிள்டன் வென்றது. அது நட்பு ஆட்டம்தான், ஊர்ப் பொதுவெளியில் நடந்தது. பொதுவெளியிலிருந்து லார்ட்ஸ் மைதானத்துக்குள் பெண்கள் வர இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. லார்ட்ஸில் பெண்கள் முதன்முதலாக ஆடியது 1976 ஆகஸ்ட் 4. ஆடலாம், ஆனால் கிளப்பில் உறுப்பினராக முடியாது. அதற்கு 1998 வரை காத்திருந்தார்கள். அதே 1976 நவம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியப் பெண்கள் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக டெஸ்ட் ஆடினார்கள். கேப்டன் சாந்தா ரங்கசாமி, சென்னையில் பிறந்தவர். முன்பதிவில்லாப் பெட்டியில் படுக்கையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பயணம் செய்து ஆடிய தலைமுறை அது. அதற்குப் பிறகு சேப்பாக்கம் இன்னொரு பெண்கள் டெஸ்ட்டைப் பார்த்தது 2024 ஜூனில். நாற்பத்தெட்டு ஆண்டுகள். ஷபாலி வர்மா 205 அடித்தார், அணி 603 எடுத்தது. பெண்கள் டெஸ்ட்டில் அதுவரை யாரும் எடுக்காத எண்ணிக்கை. ஷபாலியின் ஒவ்வொரு பவுண்டரியும் காலியான இடைவெளியில் போய்க்கொண்டிருந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, இந்த நாற்பத்தெட்டு ஆண்டுகளில் அந்தப் புல்தரைக்கு வராமலே கல்யாணமாகிப் போனவர்களை நினைத்துக்கொண்டேன்.

அவர்களில் ஒருத்தி எங்கள் அணியில் இருந்தாள். சிதம்பரத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள். கல்லூரியில் மூன்று ஆண்டும் அணிக்கு ஆடியவள் என்பதை அன்றைக்குக் காலை வேனில் வரும்போதுதான் சொன்னாள். கல்யாணத்தோடு நின்றுபோனது, மட்டையை அண்ணன் மகனுக்குக் கொடுத்துவிட்டாள். வீட்டில் குழுக் கூட்டம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

சிதம்பரம் 26க்கு நான்கு விக்கெட் இழந்திருந்தது. ஜோக்கராக நான் இரண்டு பந்தில் போனேன். அவள் ஐந்தாவது விக்கெட்டுக்கு இறங்கினாள். சுடிதார், துப்பட்டாவைக் குறுக்கே இறுக்கிக் கட்டியிருந்தாள். மட்டையைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டி நின்ற விதத்திலேயே பையன்கள் தங்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். முதல் பந்தைத் தடுத்தாள். இரண்டாவது பந்தை முன்காலை நீட்டிப் போட்டு அடித்தாள். அந்த ஒலி வேறு. அதுவரை எங்கள் மட்டையிலிருந்து தட் தட் என்றுதான் வந்துகொண்டிருந்தது. பந்து எங்கள் எல்லையைத் தாண்டி, பையன்களின் ஆட்டத்தைத் தாண்டி, அவர்களுக்கு அப்பால் இருந்த ஆட்டத்துக்குள் போய் விழுந்தது. அங்கே இருந்தவனுக்கு இது எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. நான்கு பக்கமும் திரும்பிப் பார்த்தான்.

ஒரு பையன் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். நாங்கள் பதறிவிட்டோம். கணக்கு டீச்சர் பாதி மைதானம் ஓடிப்போய், எடுக்காதே தம்பி, அழித்துவிடு என்று கெஞ்சினார். அவள் மட்டையை ஊன்றி நின்று பார்த்தாள். "விடுங்க டீச்சர், எடுத்தா எடுக்கட்டும்" என்றாள். பிறகு மூன்று பவுண்டரி. கடைசி ஓவரில் இரண்டு பந்து மிச்சம் இருக்கும்போது சிதம்பரம் வென்றது. கடலூர்க்காரிகள் பதினேழு பேருக்கும் அம்பயர் தம்பிக்கும் இட்லி வாங்கினார்கள். மறுநாள் பெண்ணையாற்றங்கரையில் ஆற்றுத் திருவிழா. வரும் வழியில் வண்டிவண்டியாகக் கடைச் சாமான்கள் போய்க்கொண்டிருந்தன.

அன்று மாலையே 'மாஸ் ஆன்ட்டி' என்ற தலைப்போடு, சினிமாப் பாட்டுப் பின்னணியில், இருபது நொடி வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அந்தப் பையனுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை; வியப்புதான். ஆனால் வியப்புக்கும் விலை உண்டு, அதை அவன் கொடுக்கப் போவதில்லை. இரவு ஒன்பது மணிக்குக் குழுவில் அவளிடமிருந்து ஒரு வரி வந்தது: "வீட்ல பாத்துட்டாங்க." பிறகு பத்து நாள் அவளிடமிருந்து எதுவும் இல்லை. அழைத்தால் எடுக்கவில்லை. நேரில் போகலாமா, போனால் இன்னும் சிக்கலாகுமா என்று எங்களுக்குள் தினமும் பேச்சு. புத்தகம் எதையும் பேசவில்லை.

பதினோராவது நாள் அவளே பேசினாள். கணவர் ஆடியதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். ஏன் பொய் சொன்னாய் என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாராம். உண்மையைச் சொல்லியிருந்தால் விட்டிருப்பீர்களா என்று இவள் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. மாமியார் பேசுவதை நிறுத்திவிட்டார். ஒன்பதாவது படிக்கும் மகள் அந்த இருபது நொடியைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "ஏம்மா எங்கிட்டகூட சொல்லல?" என்று கேட்டதுதான் தாங்க முடியவில்லை என்றாள். மற்றவர்களுக்குச் சமாதானம் சொல்லிவிடலாம், அவளுக்கு என்ன சொல்வது என்றாள். நானும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு வருவாயா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. வைக்கும்போது அவள்தான், "அடுத்தது எப்போன்னு மட்டும் சொல்லுங்க, பாப்போம்" என்றாள்.

அடுத்தது சிதம்பரத்தில், சித்திரை வெயில் ஏறுவதற்குள். இந்த முறை ஒழுங்காக அனுமதி வாங்கி ஆடலாம் என்று முடிவு. அங்கே ஒரு மைதானத்துக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறோம். படிவத்தில் 'நிகழ்ச்சியின் நோக்கம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. விழிப்புணர்வு என்று எழுதினால் சீக்கிரம் கிடைக்கும் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்கிறார்கள். என்ன விழிப்புணர்வு என்று யாரும் கேட்க மாட்டார்களாம். தபால்கார அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. விளையாட என்றுதான் எழுத வேண்டும் என்கிறார். அந்தக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. பின்பக்கத்தில் ஆடுகிறவர்கள் பெயரை எழுத வேண்டும். சிதம்பரம் அணியில் ஏழு பேரைப் பேனாவால் எழுதியாயிற்று. எட்டாவது பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறோம்.